எனக்குச் சரியாகக் கேட்கவில்லை

அன்புள்ள சின்ன வாத்தியாருக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் வருகிற முதல் நினைப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஒத்துக்கொண்டால் நான் வேலை வைத்துவிடுவேன் என்று வாய் திறக்க மாட்டேன் என்கிறாள். சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் பேசியது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தம். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அவள் மேல் தப்பில்லை, அவளிடம் அப்படிச் சொன்னவன் நான்தான். ஃபோன் பேசும்போது அவள் பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த வருடமும் நம் நாடகக் குழு அந்தப் பழைய குதிரைத் திருட்டு நாடகத்தைத்தான் எடுத்திருக்கிறது. உனக்குத்தான் முழுக்க மனப்பாடமாயிற்றே, பக்கத் திரைக்குப் பின்னால் என்னோடு உட்கார்ந்துகொண்டு, நடிகர்கள் ஒரு சொல்லை விழுங்கினால் முதலில் உச்சுக்கொட்டுகிறவள் நீதானே, வாத்தியார் பட்டம் சும்மாவா வந்தது. அதில் அடுத்த வீட்டுக்காரர் என்று ஒரு வேஷம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? அரண்மனைக் குதிரையை மந்திரி மகன் ஓட்டிக்கொண்டு போவதை ஜன்னலிலிருந்து பார்த்தவர். பழி குதிரைக்காரன் தலையில் விழுகிறது, ராஜா கூப்பிட்டுக் கேட்கிறார், "தூரமாக இருந்தது, எனக்குச் சரியாகத் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு அவர் போய்விடுவார். மொத்த நாடகத்திலும் அவருக்கு அந்த ஒரு வரிதான், பெயர்கூடக் கிடையாது. அவர் ஏன்ப்பா உண்மையைச் சொல்லவில்லை என்று ஏழு வயதில் கேட்டாய். அவர் சொல்லிவிட்டால் முதல் அங்கத்திலேயே நாடகம் முடிந்துவிடும், டிக்கெட் வாங்கினவர்கள் அடிக்க வருவார்கள் என்றேன். நீ சிரிக்கவே இல்லை. முப்பத்தொரு வருடமாக வசனம் எடுத்துக் கொடுக்கிறேன், ஒன்று கவனித்திருக்கிறேன், கெட்டவன் வேஷக்காரர் யாரும் வசனத்தை மறப்பதில்லை, நல்லவன் வசனத்தில்தான் எல்லாருக்கும் நாக்கு தடுமாறும். உண்மை, நியாயம், இரக்கம் எல்லாம் என் வாய் வழியாகத்தான் மேடைக்குப் போயிருக்கின்றன, தண்ணீர் போன குழாய் மாதிரி எனக்குள்ளே ஒன்றும் தங்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். செட்டு போடுகிற தச்சர் மாமாவை உனக்குத் தெரியும், நீ என் பக்கத்தில் உட்கார உன் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி செய்து, மூலையெல்லாம் வழவழவென்று இழைத்துக் கொடுத்தவர். இந்தத் தடவை அரண்மனைக்கு ஒரு பெரிய படிக்கட்டு. ஒத்திகையன்று அவர் நிர்வாகியிடம், நடுப்படிக்குக் கீழே இன்னும் முட்டு கொடுக்கவில்லை, இரண்டு நாள் பொறுங்கள், யாரையும் ஏற்றாதீர்கள் என்று சொன்னார். ஒத்திகைதானே, ஒன்றும் ஆகாது என்றார் நிர்வாகி. நான் நாலடி தள்ளித் திரைக்குப் பின்னால் பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அங்கே ஒரு ஆள் இருப்பது யாருக்கும் நினைவிருக்காது. அன்றைக்கே அந்த நடுப்படி உள்வாங்கி, ராணி வேஷம் போடுகிற பெண் விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. முதலாளி விசாரணை வைத்தார். தச்சர் தன்னிடம் எதுவுமே சொல்லவில்லை என்று நிர்வாகி சாதித்துவிட்டார். தச்சர் மாமா என்னைக் கைகாட்டினார், அவர் அங்கேதான் இருந்தார், கேளுங்கள் என்று.

உள்ளே போவதற்கு முன்னால் நிர்வாகி வராந்தாவில் என்னை நிறுத்தி வீட்டைப் பற்றித்தான் விசாரித்தார். அரங்கத்துக்குப் பின்னால் குழு கொடுத்த வீடு, கீழ்வீடாக இருப்பது அம்மா காலுக்கு எவ்வளவு வசதி, வெளியே இந்த மாதிரி கிடைக்குமா என்றார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் பேசினார். உள்ளே முதலாளி கேட்டதும் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "எனக்குச் சரியாக் கேக்கலைங்க."

தச்சர் மாமா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வசனம் மறந்த நடிகர் பக்கத் திரைப் பக்கம் திரும்பிப் பார்ப்பாரே, இப்போது வந்துவிடும் என்கிற நம்பிக்கையோடு, அப்படி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் மேடையில் கடைசிக் காட்சி, ராஜாவாக நடிப்பவர் "திருடியவனை மன்னிக்க எனக்கு அதிகாரம் உண்டு" என்று சொல்லி நின்றுவிட்டார். "பார்த்தவனை மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்பது மீதி. பிரதி மடியில் இருக்கிறது, எழுத்து தெரிகிறது, அந்த வரி மேல் விரலை வைத்தேன், எடுத்துக் கொடுக்க வரவில்லை. அவரே ஒருவழியாகச் சமாளித்தார், சபையில் கைதட்டல் அடங்கவில்லை, அந்த மௌனம் பிரமாதம் என்றார்களாம்.

இதைவிடக் கேவலம் பின்னால்தான். தச்சர் மாமா நான் பொய் சொல்வேன் என்று நினைக்கவே இல்லையம்மா. நிஜமாகவே எனக்குக் காது போய்விட்டது என்று நம்பிவிட்டார். வேலை போன மனுஷன் வீடு தேடி வந்து, இந்தத் தொழிலுக்குக் காதுதானே முதல் என்று அக்கறையாகப் பேசி, தனக்குத் தெரிந்த காது டாக்டரிடம் என்னை அழைத்துக்கொண்டு போனார். அம்மாவிடம் காது கதையைச் சொன்னது அப்போதுதான். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். எல்லாம் கேட்டது, கொசு முனகுவது மாதிரி இருந்ததுகூட. அமுக்காமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன், முப்பத்தொரு வருடப் பழக்கம், விரல் தானாகப் போய்விட்டது. இருபது வயதுக்காரன் காது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வெளியே பெஞ்சில் காத்திருந்த தச்சர் மாமா எழுந்து வந்து என் காதருகே குனிந்து, "என்ன சொன்னாருங்க?" என்று கத்திக் கேட்டார். சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார் என்றேன்.

அந்தச் சீட்டு என் சட்டைப் பையிலேயே இருக்கிறது, துவைக்கப் போடும்போது எடுத்து வேறு சட்டையில் வைத்துக்கொள்கிறேன். தச்சர் மாமா மனுக் கொடுத்ததில் வருகிற திங்கட்கிழமை மறுபடி விசாரிக்கிறார்கள். சீட்டை மேஜையில் வைத்து, கேட்டதைச் சொன்னால் அவருக்கு வேலை திரும்பும், நமக்கு வீடு போகும். அம்மாவைப் படி ஏறவைத்து எங்கே கொண்டுபோவேன்? தினமும் முதலாளி அறை வாசல் வரைக்கும் போகிறேன், செருப்பைக் கழற்றுகிறேன், மாட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறேன். என்னால் முடியவில்லையம்மா. நாளை முடியும் என்றும் சொல்லத் தெரியவில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காலுறை இல்லாமல் நடக்காதே, மாப்பிள்ளை பேசும்போது பாதியில் குறுக்கே விழாதே, அது என்னிடமிருந்து வந்த குணமல்ல. நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு, யார் முகத்தையும் நேராகப் பார்க்கிற மாதிரி வாழ வேண்டும், அப்பாவுக்கு அதுதான் வேண்டுதல்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர பத்து நாளாகும், அதற்குள் அந்தத் திங்கட்கிழமை போயிருக்கும். அது தெரிந்துதான் தபாலில் போடுகிறேன், அப்பாவின் தைரியம் இவ்வளவுதான். மறந்துவிடாதே, அடுத்த தடவை ஃபோன் பண்ணும்போது உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்காதே, தச்சர் மாமா வேலைக்குப் போகிறாரா என்று கேள். மெல்லவே கேள், எனக்கு நன்றாகக் கேட்கும்.

உன் அப்பா