வலது பக்கம் மட்டும் மினுங்கும் வண்டி

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் ஆள் நீங்கள். அதனால் கேட்கவில்லை. இங்கே நானும் அத்தையும் சௌக்கியம். போனில் வண்டி என்று ஆரம்பித்தாலே சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து முழுவதும் படியுங்கள்.

வண்டியை விற்றுத் தரச் சொல்லி மெக்கானிக் அண்ணனுக்கு நீங்கள் செய்தி அனுப்பியது எனக்குத் தெரியும். அவர் வாயில் எந்த ரகசியம் தங்கியிருக்கிறது? மறுநாளே நான் வேலை பார்க்கும் சலவைக் கடைக்கு வந்து, "தங்கச்சி, அவன் விக்கச் சொல்றான், நீ என்ன சொல்ற?" என்று கேட்டுவிட்டார். நாம் இருவரும் பைக்கிலிருந்து விழுந்து பதினான்கு மாதம் ஆகிறது. இரண்டு விடுமுறைக்கும் நீங்கள் வீட்டுக்கு வரவில்லை. வேலை அதிகம் என்றீர்கள், நானும் தலையாட்டினேன். இப்போது வண்டியும் போய்விட்டால் அடுத்து நீங்கள் என்னத்தைக் கைகழுவுவீர்களோ என்று எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது.

வேண்டாம் என்று நேராகச் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள். ஆகவே, விற்பதுதான் விற்கிறோம், கீறலை எடுத்துவிட்டு விற்கலாம் என்று அண்ணனிடம் சாக்குச் சொல்லி நாளைக் கடத்தினேன். வண்டி வலது பக்கம் சாய்ந்ததால் அந்தப் பக்கத்து ஃபுட்ரெஸ்டைத் தாங்கும் அலுமினியத் துண்டும் பிரேக் லிவரும்தான் உரசியிருந்தன. இரண்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பத்து வருடமாகக் கறை எடுப்பவள் நான், இதென்ன பெரிய வித்தை என்ற திமிர் எனக்கு. பாலிஷைத் தடவி மூன்று நாள் தேய்த்தேன். தோள்தான் இறங்கியது, உரசலைச் சுற்றியிருந்த கறுப்புப் பெயிண்ட் இம்மி அசையவில்லை. அண்ணன் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது பெயிண்டே இல்லையாம். மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேல்தோலையே கல்லாக இறுக வைத்துச் சாயம் ஏற்றியிருக்கிறார்களாம். ஆனோடைசிங் என்கிறார்கள். பாலிஷுக்கெல்லாம் மசியாது, காஸ்டிக் சோடாவில் போட்டால்தான் கரையும் என்றார்.

காஸ்டிக் சோடாவா, அது கடையில் நான் புழங்கும் சரக்கல்லவா. ரப்பர் கையுறை, கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி என்று சகல ஜாக்கிரதையோடும் கொல்லைப்புறத்தில் இறங்கினேன். தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டேன். எல்லாம் சரியாகச் செய்தவள், பாத்திரத்தை மட்டும் யோசிக்கவில்லை. அடுக்களையிலிருந்து எடுத்து வந்தது அத்தையின் அலுமினியக் குண்டான். துண்டுகளைப் போடுவதற்குள் குண்டானே நுரைத்துப் பொங்க ஆரம்பித்துவிட்டது. அப்படியே வாளி நீரில் கவிழ்த்துவிட்டுத் தள்ளி ஓடினேன். பிறகு தூக்கிப் பார்த்தால் அடி சல்லடை. அத்தை ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "என் பாத்திரத்தை நீ நல்லாத்தான் வெளுத்திருக்க" என்றார்கள். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. மூன்றாம் நாள் அவர்களே ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவந்து நங்கென்று வைத்தார்கள்.

அதில் ஐந்தே நிமிடம். துண்டு கரிபூசியது போல வந்தது, கழுவித் துடைத்ததும் அடியில் வெள்ளை உலோகம். அப்புறம்தான் உப்புத்தாள். முதலில் முரட்டுத்தாள், பிறகு நயமானது, பிறகு அதைவிட நயமானதைத் தண்ணீரில் நனைத்து. உரசல் போகப் பல நாள் ஆகும் என்று நினைத்திருந்தேன். முரட்டுத்தாளிலேயே ஒரு மதியத்தில் போய்விட்டது. எனக்கே சப்பென்றிருந்தது. அதை அண்ணனிடம் சொன்னபோதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்: "வேகமா போய் விழுந்திருந்தா இந்த ஓரமே சப்பையா தேஞ்சிருக்கும்மா. இது வண்டி நடக்கிற வேகத்துல சாஞ்சது. அன்னைக்கு மாதிரி ரோட்டுல டீசல் கொட்டிக் கிடந்தா எமனே ஓட்டினாலும் சறுக்கத்தான் செய்யும்."

 நீங்கள் எல்லாரிடமும், ஆஸ்பத்திரியில்கூட, வேகமாக ஓட்டியது என் தப்பு என்றீர்கள். நான் வாய் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? அன்று கடைக்கு நேரமாகிறது, சீக்கிரம் போங்கள் என்று உங்கள் முதுகில் தட்டிக்கொண்டே வந்தவள் நான். நான் அவசரப்படுத்தித்தான் நீங்கள் வேகம் எடுத்தீர்கள், பழியை நீங்கள் சுமக்கிறீர்கள் என்று பதினான்கு மாதமாக உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தேன். இப்போது தெரிகிறது, நான் அவ்வளவு தட்டியும் நீங்கள் வேகம் எடுக்கவே இல்லை. அன்று கேட்காமல் போனீர்களே, அதற்கு நன்றி. வீட்டில் எது சொன்னாலும் கேட்காததற்கு நன்றி சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. இத்தனையும் தேய்த்தது எந்தக் கை என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். வீடியோவில் அந்தக் கை தெரிந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். நானே சொல்கிறேன். அன்று விழுந்ததில் முறிந்த அதே வலது கைதான். பாலிஷ், உப்புத்தாள் என்று மொத்தம் பதினோரு நாள் தேய்த்தது. மழை வந்தால் கொஞ்சம் முணுமுணுக்கும், மற்றபடி சொன்ன பேச்சைக் கேட்கிறது. கை முறிந்ததிலிருந்து உட்கார்ந்த பில் போடும் மேஜை போதும், திங்கட்கிழமையிலிருந்து பழையபடி இஸ்திரிக்கே வருகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

அண்ணன் துண்டுகளைத் திரும்ப மாட்டிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாங்க என்று பார்க்க ஒருவர் வந்தார். வலது பக்கம் கண்ணைப் பறிக்கிறது. இடது பக்கம் பழைய கறுப்பு. சுற்றிச் சுற்றி வந்து, இரண்டு வண்டியை வெட்டி ஒட்டினீர்களா என்று கேட்டார். அத்தை முகத்தில் சிரிப்பே காட்டாமல் ஆமாம் என்றார்கள். ஆள் தேநீரைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை.

இடது பக்கத்தை நான் தொடப்போவதில்லை. அது உங்கள் வேலை. மேல்தோல் போன உலோகம் சீக்கிரம் மங்கிவிடுமாம், மாதம் ஒருமுறையாவது துடைத்து மெழுகு பூச வேண்டுமாம். அத்தைக்கு ஒரு குண்டானும் வாங்க வேண்டும், அதற்கும் நீங்கள்தான் கூட வர வேண்டும் என்கிறார்கள்.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள். இரவு வேலை என்றால் பகலில் தூங்குங்கள். விடுமுறைக்கு இன்றே எழுதிக் கொடுங்கள். வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது, விற்கும் உரிமை உங்களுக்கு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் பின் சீட்டு என்னுடையது. அதை நான் விற்பதாக இல்லை. வந்து முன்னால் உட்காருங்கள்.

இப்படிக்கு,
பயம் தெளிந்த உங்கள் பின்சீட்டுக்காரி