பந்தாட்டத்தில் நின்றுபோன நிச்சயதாம்பூலம்

உ
கோமதியம்மன் துணை

சங்கரன்கோவில்
7-7-1982, புதன்கிழமை
(துந்துபி வருஷம் ஆனி 23)

அன்பு மகன் கோமதிநாயகத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே அம்மன் புண்ணியத்தில் எல்லாருக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது, மனசைப் பற்றிக் கேட்காதே, அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அங்கே உன் உடம்பும் வேலையும் எப்படி என்று நீ எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும். கல்கத்தாவில் மழை கொட்டுகிறது என்று ரேடியோவில் சொன்னான், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, கடுகெண்ணெய்ச் சமையல் வயிற்றுக்கு ஆகவில்லை என்றால் ஒரு வேளை மோர்சாதத்தோடு நிறுத்திக்கொள், சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா இல்லையா என்பதை மறைக்காமல் எழுது. நம் பசு கிடாரி ஈன்றிருக்கிறது. இந்தக் கவரில் புற்றுமண் மடித்து வைத்திருக்கிறேன், நெற்றியில் இட்டுக்கொள். இந்தக் கடிதம் வந்த ஓரிரண்டு நாளில் உன் அப்பாவிடமிருந்து ஒரு தடித்த கவரும், வாசுதேவநல்லூர் செல்லச்சாமி அண்ணாச்சியிடமிருந்து அதைவிடத் தடித்த கவரும் வரும். அதற்கு முன்னால் இதைக் கடைசி வரைக்கும் படித்துவிடு, பாதியில் டீ குடிக்க எழுந்து போகாதே.

உன் தங்கை வடிவுக்கு அண்ணாச்சி மகன் வேல்சாமியைப் பேசியிருக்கிறது என்று போன மாசமே எழுதியிருந்தேன். பையன் பால் சொசைட்டியில் எழுத்தர், நல்ல குணம். முன்னால் வந்த இரண்டு இடமும் பேச்சோடு நின்றுபோனது உனக்குத் தெரியும், வடிவுக்கும் இருபத்தாறு முடியப் போகிறது. அப்போதெல்லாம் வாயே திறக்காதவள் இந்தப் பையன் பார்த்துவிட்டுப் போன அன்றைக்கு, நான் கேட்காமலேயே, இவிய சரிதாம்மா என்றாள். அதற்காகவே இது எப்படியும் முடிய வேண்டும் என்று நான் இருக்கிறேன். ஆனால் அண்ணாச்சி டிரில் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர், உன் அப்பாவுக்கும் அவருக்கும் பழக்கமே பந்து மைதானத்தில்தான். உன் அப்பா கட்சி என்னவென்றால், பந்து கிடைத்ததா, முன்னால் தூக்கி அடி, எல்லாரும் ஓடு, கோலைப் போடு, முடிந்தது. அண்ணாச்சி கட்சி, பந்தை விடவே கூடாது, பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கொடு, அவன் பின்னால் நிற்கிறவனுக்குக் கொடுக்கட்டும், எதிராளி ஓடி ஓடி நாக்குத் தள்ளி நிற்கும்போது மெதுவாகக் கொண்டுபோய் உள்ளே வை. வைகாசியில் நம் ஊர்ப் பையன்களுக்கும் வாசுதேவநல்லூர்ப் பையன்களுக்கும் கோப்பை ஆட்டம் நடந்தது. நான் எழுதுகிற கணக்கில் பிழை இருக்காது என்று சொல்லி என்னை வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, யார் எத்தனை தடவை பந்தைக் கொடுத்து வாங்குகிறான் என்று எண்ணச் சொன்னார்கள். நானும் பால் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டேன். அவர்கள் இருபத்துமூன்று தடவை மாற்றி மாற்றிக் கொடுத்து ஒரு கோல் போட்டார்கள், நம் ஊர்ப் பையன் ஒரே உதையில் ஒரு கோல் போட்டான், அதோடு வெளிச்சம் போய்விட்டது. கோப்பை ஊருக்கு ஆறு மாசம். அண்ணாச்சி இன்றைக்கும் இருபத்தாறு என்கிறார், காலில் பட்டுத் தெறித்ததையெல்லாம் கொடுத்ததில் சேர்க்க முடியாது அண்ணாச்சி என்று நான் சொல்லிவிட்டேன். அன்றைக்கு வீடு வருகிற வரைக்கும் உன் அப்பா அவரைப் பார்த்து, அது என்ன வே ஆட்டம், பந்தியில சாம்பார் வாளி கை மாறுத மாதிரில்லா இருக்கு என்பதும், உம்ம ஆட்டம் மட்டும் என்ன, கல்யாண வீட்டுக்குள்ள நாய் புகுந்த மாதிரி, ஓட்டம் இருக்கு, போற இடம் அதுக்கே தெரியாது என்று அவர் சொல்வதுமாக இருக்க, நான் காதைப் பொத்திக்கொண்டு வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை நிச்சயதாம்பூலம். ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள் தட்டு மாற்ற வேண்டும், பத்தரைக்கு ராகுகாலம். அவர்கள் பதினைந்து பேர் காலை பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள், கூடத்தில் ஜமுக்காளம் விரித்து விளக்கேற்றி, வடிவு பச்சைப் பட்டில் அப்படியே அம்மன் மாதிரி இருந்தாள், என் கண்ணே பட்டிருக்குமோ என்னவோ. ஐயர் பத்திரிகை வாசித்துவிட்டு, சம்பந்தி ரெண்டு பேரும் தட்டை எடுத்துக்கோங்கோ என்றபோது மணி பத்தேகால். அந்த நேரம் பார்த்து உன் செல்லப்பா மாமா, என் கூடப் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது, ஸ்பெயின்ல உலகக் கோப்பையில பிரேசில்காரன் என்னமா ஆடுதான் பாத்தீகளா அண்ணாச்சி என்று கேட்டுவிட்டான். இவன் ஸ்பெயினைக் கண்டானா பிரேசிலைக் கண்டானா, பேப்பரில் போட்டோ பார்த்ததுதான். உன் அப்பா உடனே, அடிச்சு ஆடுதான்லா, அதான் அப்படி என்றார். அடிச்சு ஆடுதானா, பந்தை விடாம வச்சிருக்கான் வே என்றார் அண்ணாச்சி. இரண்டு பேர் கையிலும் தட்டு. பட்டும் தேங்காயும் மஞ்சளும் வெற்றிலை பாக்குமாக நிறைந்த தட்டு. இப்ப பாரும், இந்தத் தட்டுதான் பந்துன்னு வச்சிக்கிடும், இதை உம்மால வாங்க முடியுதா பாப்போம் என்று சொல்லி, அண்ணாச்சி உன் அப்பா கையில் கொடுக்க வேண்டிய தட்டைத் தன் தம்பி கையில் கொடுத்தார். தம்பி மச்சினனிடம் கொடுத்தான், மச்சினன் அவன் சகலையிடம், சகலை திரும்பவும் அண்ணாச்சியிடம். உன் அப்பா நெஞ்சில் தட்டிக்கொண்டு, எய்யா நேரா கொடும் வே, கோல் இங்கன இருக்கு, அங்கன எங்க சுத்துதீரு என்று கூவுகிறார். அவர்களோ சிரித்துக்கொண்டு மேலும் சுற்றுகிறார்கள். பதினொரு தடவை கை மாறியது, எண்ணக் கூடாது என்று இருந்தும் எண்ணிவிட்டேன்.

பிறகு உன் அப்பாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. இப்படித்தாம் வே ஆடணும் என்று சொல்லி நம் தட்டை ஜமுக்காளத்தில் வைத்து இரண்டு கையாலும் ஒரு தள்ளுத் தள்ளினார். தட்டு அண்ணாச்சி காலடியில் போய் நின்றது, தேங்காய் நிற்கவில்லை, அவர் தம்பி இரண்டு காலுக்கும் நடுவே உருண்டு வாசல்படி தாண்டித் தெருவுக்கே போய்விட்டது. சின்னப்பிள்ளைகள் எல்லாம் கோல் என்று கத்த, அண்ணாச்சி ஆப்சைடு ஆப்சைடு என்று அதைவிடப் பெரிதாகக் கத்த, சுவர்க் கடிகாரம் அரை மணிக்கு ஒரு அடி அடித்தது. ஐயர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ராகுகாலம் பிறந்துவிட்டது. தட்டு மாறவில்லை. பிச்சம்மாள் மதினி, அதுதான் மாப்பிள்ளையின் அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டு, மதினி, இவியள காலைக் கட்டில்லா கூட்டியாந்திருக்கணும், நான் அறியாமப் போயிட்டேன் என்றாள். பாவம் அவள்.

சாப்பாடு தயாராக இருந்ததால் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள், அங்கேயாவது விட்டார்களா. அண்ணாச்சி இலையில் வடையைக் கோல்கீப்பராக நிறுத்தி, அவியல் காயை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார், உன் அப்பா பேச்சோடு பேச்சாகக் கோல்கீப்பரை எடுத்துத் தின்றுவிட்டார். அதற்கு ஒரு சண்டை. மாப்பிள்ளை மட்டும் கை கழுவ வந்த இடத்தில் என்னிடம் மெதுவாக, அத்தை, எனக்குக் கிரிக்கெட்டுதான் பிடிக்கும், இதை எங்க அப்பாட்ட சொல்லிராதீக என்றார். நான் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கிறேன், நீயும் வெளியே விடாதே. அவர்கள் தட்டை அவர்கள் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். வடிவு என்ன செய்தாள் தெரியுமா, அப்பாவுக்கும் அந்த மாமாவுக்கும் பத்துப் பொருத்தமும் நல்லா இருக்கும்மா, அவிய ரெண்டு பேருக்கும் முதல்ல முடிச்சு வையுங்க, நான் பொறவு பாத்துக்கிடுதேன் என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் தலையில் வைத்த பிச்சிப்பூ மறுநாள் வாடிக் கருகியும் அவள் எடுக்கவில்லை நாயகம். ஆனி போய் ஆடி பிறந்தால் நல்ல காரியம் பேச முடியாது, ஆவணி வரைக்கும் மாறாத தட்டோடு இருந்தால் மூன்றாவது இடமும் போயிற்று என்று ஊர் முடிவு கட்டிவிடும், அதற்குப் பிறகு அவளைக் கேட்டு யார் வருவார்கள்.

இந்த ஊருக்கு இந்த மாதிரி வழக்கு புதுசில்லை. சிவன் பெரியவரா பெருமாள் பெரியவரா என்று நாகராஜாக்கள் சங்கனும் பதுமனும் அடித்துக்கொண்டதற்காக அம்மன் ஒற்றைக்காலில் தவம் நின்று, ஸ்வாமி பாதி அவராகவும் பாதி இவராகவும் வந்து காட்சி கொடுத்தார், அந்தப் பாம்புகளே அதோடு அடங்கின. அதைச் சொல்லி, நீங்களும் பாதி நேரம் அடித்தும் பாதி நேரம் பிடித்தும் ஆடினால் என்ன என்று நேற்று கேட்டேன். இரண்டு பேரும் முதல் தடவையாக ஒன்று சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அது தெய்வத்துக்குச் சரிப்படும் தங்கச்சி, பந்துக்கு ஆகாது என்றார் அண்ணாச்சி.

நேற்று அவர் எதற்கு வந்தார் என்று எழுதவில்லையே. பிரேசில் தோற்றுவிட்டதாம். காலையில் ரேடியோவில் கேட்டதிலிருந்து உன் அப்பா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுத் துண்டை முகத்தில் போட்டுப் படுத்திருந்தார், சாயந்திரம் அண்ணாச்சி மதினியையும் கூட்டிக்கொண்டு துக்கம் கேட்க வந்துவிட்டார். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. அரை நாழிகைதான். பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருந்ததால் தோற்றான் என்று இவரும், பிடித்து வைக்காமல் முன்னால் ஓடினதால் தோற்றான் என்று அவரும் ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் இருவரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள், அந்த முடிவு நீதான். கல்கத்தாவில் இருக்கிறவன், அங்கே நேரில் ஆட்டம் பார்த்தவன், அவன் சொன்னால் சரி என்று. நீ ஒரே ஒரு ஆட்டத்துக்குப் போய், கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டுப் பாதியிலேயே திரும்பினதாக எழுதியிருந்தாயே, அந்த ஆட்டத்தைத்தான் சொல்கிறார்கள். அட்டாக் என்றோ பாஸ் என்றோ ஒரே வார்த்தை தந்தி கொடுக்கச் சொல்லி உனக்கு எழுதப் போகிறார்கள். உன் அப்பா நல்ல பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறார், அண்ணாச்சி சிவப்பிலும் பச்சையிலும் படம் போட்டு அனுப்புவார். தந்தி வருகிற வரைக்கும் பந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அம்மன் சன்னதியில் சூடத்தை அணைத்துச் சத்தியமும் பண்ணிவிட்டு வந்தார்கள்.

இவர்கள் கோயிலுக்குப் போன நேரத்தில் மதினியும் நானும் பின்வாசலில் உட்கார்ந்து நாள் பார்த்துவிட்டோம். வருகிற பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை, தேய்பிறைதான், இருந்தாலும் பரவாயில்லை, காலை ஒன்பது மணிக்குத் தட்டு மாற்றுவது. ஆண்கள் இருவரும் சரி என்றுவிட்டார்கள், ஏனென்றால் அதற்குள் தந்தி வந்துவிடும், ஜெயித்தவனாக நின்று தட்டைக் கொடுக்கலாம் என்று ஒவ்வொருவருக்கும் எண்ணம். தீர்ப்பு எனக்குன்னா ஊருக்கே சீனி வழங்குவேன் என்று அண்ணாச்சி சொல்கிறார், அப்படி ஒன்று நடந்தால் உன் அப்பா அவர் முன்னால் தட்டோடு நிற்பாரா, கதவைச் சாத்திக்கொள்வார். மாற்றி வந்தால் அண்ணாச்சி பஸ்ஸே ஏறமாட்டார். ஆகவே ஐயா, நீ எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தந்தி கொடுக்காதே. அவர்கள் காத்துக்கொண்டிருக்கிற வரைக்கும்தான் வாய் கட்டியிருக்கும். பதினைந்தாம் தேதி தட்டு மாறின பிறகும் கொடுக்காதே, தாலி கட்டுகிற வரைக்கும் நாள் கிடக்கிறது. உன்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை, பதில் போடாதது பொய்யில் சேருமா என்று அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன், சேராது என்று வெள்ளைப்பூதான் வந்தது. ரொம்பவும் நெருக்கினால், விஷயம் பெரிசு, இங்கே தெரிந்தவர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு கார்டு போடு, அப்படியே விசாரித்துக்கொண்டும் இரு. கல்யாணத்துக்கு நீ வரும்போது இரண்டு பேரும் ரயிலடிக்கே வந்து நிற்பார்கள், அப்போது உனக்குப் பல்வலி.

உனக்கென்று ஓர் அபிப்பிராயம் இருந்தால் அதை எனக்குக்கூட எழுதாதே, கடிதம் யார் கையில் மாட்டும் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கோடு போட்ட எனக்கு யார் சொல்வது சரி என்று தெரியாமல் இல்லை. இதுவரை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, இனியும் விடமாட்டேன், வடிவு அந்த வீட்டில் போய் வாழ வேண்டும், நான் இந்த வீட்டில் இருந்தாக வேண்டும்.

சங்கரநாராயணரும் கோமதித்தாயும் உன் கூடவே நடந்து உன்னைக் காக்கட்டும். நல்ல வேலை, நல்ல சோறு, நல்ல பேரோடு நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். வடிவு உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். பதினைந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு நீ எங்கே நின்றாலும் இந்தப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடு, அதுவரைக்கும் தந்தி ஆபீஸ் இருக்கிற தெரு வழியாகக்கூடப் போகாதே.

இப்படிக்கு
உன் நலத்தையே நினைத்திருக்கும் அம்மா
மு. முப்பிடாதியம்மாள்