பிக்கப்புக்கு எந்த பைப்?

“சைலன்சரைத் தூக்கிட்டு, புகை போக அகலமா நேர் பைப் போட்டுடலாமா? டர்போ எஞ்சின் நல்லா மூச்சு விடும்.”

“உங்க இஷ்டம்ங்க.”

“நீயும்தானே பிக்கப் வண்டியில வர்றே. வாயைத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?”

நேற்று நீங்கள் இப்படிக் கேட்டதும் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். நீங்கள் சைலன்சரைக் கழற்றிவிட்டு எஞ்சினை முறுக்கிக் காட்டினீர்கள். அலமாரியில் தட்டுகள் அதிர்ந்தன. எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து முறைத்தார். எனக்கு எரிச்சல்கூட வரவில்லை. என் அம்மா இறந்துபோனதிலிருந்து எதுவுமே உறைப்பதில்லை.

மெக்கானிக் நாளை காலையில் வருவார். பைப் அகலமானதாகவே இருக்கட்டும், பாரம் ஏற்றினால் வண்டி திணறாது. ஆனால் சைலன்சரும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். கேட்டீர்களே, இதுதான் பதில்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடாக்கிச் சாப்பிடுங்கள். கொல்லைக் கதவுச் சாவி ஜன்னலில் இருக்கிறது.

உங்கள் மேல் கோபமில்லை. என்ன பேசுவதென்று தெரியாமல்தான் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தாளில் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது. இத்தனை நாள் கேட்க நினைத்ததை எழுதிவிடுகிறேன். இன்று சாயங்காலம் வண்டியைத் தொடாமல், என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். ஆறுதலாக எதுவும் சொல்ல வேண்டாம்.