வீட்டில் சொன்னது

மார்ச் 4, செவ்வாய்

ஆவண அறையில் ஏசி இன்றும் ஓடவில்லை. விமானத்தையே கழற்றி மாட்டுகிறவர்கள் இத்தனை பேர் இருக்கிற கூடத்தில் அதைத் தொட ஆளில்லை. வியர்க்க வியர்க்க லாக் புக் தாள்களைக் கணினியில் ஏற்றினேன். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் விமானி தான் கண்ட குறையை அதில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பொறியாளர் அதைச் சரிசெய்து கீழே எழுத வேண்டும். என் கணவரின் தாளில் வழக்கம்போல ‘குறை இல்லை.’ எங்கள் தலைமைப் பொறியாளர், எல்லாருக்கும் ஸ்பானர் அண்ணன், எட்டிப் பார்த்தார். “உன் வீட்டுக்காரர் ஓட்டினா மட்டும் வண்டி பொட்டிப்பாம்பா அடங்கிருதும்மா.” எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 7, வெள்ளி

சாப்பிடும்போது அவர் கையை உதறிக்கொண்டே இருந்தார். மகள் ஏனென்று கேட்டாள். “மலை ஊர்ல இறங்குறப்போ முன்சக்கரம் தடதடன்னு ஒரே ஆட்டம் கண்ணு. பல்லெல்லாம் கழண்டு மடியில விழும்போல ஆயிருச்சு,” என்று பல்லை அடித்துக் காட்டினார். அவள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் கொட்டியது. நானும் சிரித்தேன்.

மார்ச் 8

அவர் தாள் மேசைக்கு வந்தது. குறை இல்லை.

வேறு யாருடையதோ என்று பார்த்தேன். அவர் கையெழுத்துதான்.

மார்ச் 10, திங்கள்

அதே விமானத்தில் முன்சக்கரம் ஆடுகிறது என்று வேறு இரண்டு விமானிகள் ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள். டயரை மாற்றிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். மூன்றாவது முறை எழுதப்பட்டால் விமானத்தை நிறுத்திச் சக்கரக் காலையே பிரித்துப் பார்க்க வேண்டும். அதுதான் விதி. மூன்றாவது எழுதப்படவில்லை, எங்கள் சாப்பாட்டு மேசையில் சொல்லப்பட்டது.

துணி மடிக்கும்போது கேட்டேன்.

“ஏன் எழுதல?”

“எதை?”

“முன்சக்கரம்.”

சட்டையைக் கீழே வைத்தார். “எழுதினா வண்டி அங்கேயே நிக்கும். மெக்கானிக் வர ரெண்டு நாள். மலைச்சரிவுல ரோடு போனதுக்கப்புறம் அந்த ஜனங்களுக்கு நாங்கதான் பஸ். அன்னைக்கு டயாலிசிஸுக்கு வர்ற ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க. அவங்களை எறங்குன்னு சொல்லச் சொல்றியா?”

அவர் பொய் சொல்லவில்லை. இங்கே வந்து இறங்கிய பிறகு எழுதியிருக்கலாமே என்பது பிறகுதான் தோன்றியது. போய் அதையும் கேட்டேன்.

“மறுநாள் போக வேற வண்டி இல்ல. விடு.”

மார்ச் 11

விட முடியவில்லை. நாளை அதை ஓட்டப்போவது இன்னொருவர். அவர் லாக் புக்கைப் புரட்டிவிட்டுத்தான் ஏறுவார். எங்கள் மேசையில் அவர் உட்காரவில்லையே.

வீட்டில் சொன்னதை வெளியே எடுத்துப் போகிறவளா நான்? சொல்லாவிட்டால் நான் யார்? கடவுளே, எனக்கு ஏன் இந்த வேலை, இல்ல இந்தக் கல்யாணம், ரெண்டுல ஒண்ணு இல்லாம இருந்திருக்கலாம்—

மாலையில் அவரிடமே சொன்னேன். “நீங்களே போய் எழுதிடுங்க. இல்லேன்னா நான் அண்ணன்கிட்ட சொல்லிருவேன்.”

“மிரட்டுறியா?”

“கெஞ்சுறேன்.”



மார்ச் 12

காலையில் லாக் புக்கைப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை. சொல்லிவிட்டேன்.

மார்ச் 13

பிரித்துவிட்டார்கள். முன்சக்கரக் கால் திருகிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிற இணைப்பில் புஷ் என்கிற உலோக வளையம் ஒன்று தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “எவ்வளவு நாள் தாங்கியிருக்கும்?” என்றேன்.

“வருஷம் பூராத் தாங்கியிருக்கலாம். நேத்தே விட்டிருக்கலாம். எனக்குத் தெரியாதும்மா.”

ஆமாம், கண்டிப்பாக விபத்து நடந்திருக்கும் என்று அவர் சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

விசாரணை முடியும்வரை என் கணவர் பறக்கக் கூடாதாம்.

மார்ச் 15

நாத்தனார் போன் செய்தாள். “கட்டினவனையே காட்டிக் குடுத்துட்டு எப்படி உனக்குச் சோறு இறங்குது?”

இறங்கவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 19

அவர் என்னிடம் பேசுவதெல்லாம் மகள் வழியாக. “பீரோ சாவி எங்கன்னு அம்மாகிட்ட கேளு.” நான் இரண்டடி தள்ளி நிற்கிறேன். “நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் கன்ட்ரோல் டவரா?” என்று கத்திவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்.

மார்ச் 26, புதன்

அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். இந்த வருடம் வரவிருந்த பயிற்சியாளர் பதவி இல்லை. அடுத்த வாரம் பறக்கலாம். இதை எனக்குச் சொன்னதும் அலுவலகம்தான்.

மாலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமல், “அந்தப் புஷ்ஷை நானும் போய்ப் பார்த்தேன்,” என்றார். குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார்.

துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு தட்டாக நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 2

இன்று பறக்கப் போனார். சீருடையை அவரே தேய்த்துக்கொண்டார்.

ஏப்ரல் 9, புதன்

மத்தியானம் அலுவலகத் தொலைபேசி அடித்தது. மலை ஊரிலிருந்து அவர். பின்னால் ஒரே கூச்சல்.

“இடது எஞ்சின்ல ஆயில் பிரஷர் இறங்குது. வண்டியை நிறுத்தி எழுதிட்டேன். அண்ணன்கிட்ட சொல்லி ஆள் அனுப்பு.”

“சொல்றேன். அங்க என்ன சத்தம்?”

“எனக்கு அர்ச்சனை நடக்குது. ஒருத்தர் தொப்பியையே பிடுங்கப் பார்த்தார்.”

“ஆஸ்பத்திரி கேஸ் யாராவது—”

“ரெண்டு பேர். ஹெலிகாப்டருக்குச் சொல்லியிருக்கு. அது வர்ற வரைக்கும் அவங்க பக்கத்துல உக்காந்திருக்கேன். ஒரு தாத்தா என்னைத் திட்டி முடிச்சுட்டு இப்போ அவர் மருமகளைத் திட்டிட்டிருக்கார்.”

சேதி முடிந்துவிட்டது. அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

“சாப்டீங்களா?”

“எல்லாருக்கும் பொட்டலம் வரட்டும்னு இருக்கேன். நீ?”

“இனிமேதான்.”

“நேரத்துக்குச் சாப்பிடு. ஒரு மாசமா நீ சரியாச் சாப்பிடல.”

ஸ்பானர் அண்ணனிடம் ஓடினேன். “அண்ணே, வண்டி மலை ஊர்ல நின்னுருச்சு. ஆள் அனுப்பணுமாம்.”

அவர் தலையில் கை வைத்தார். “அடக்கடவுளே, நாளைக்கு ஷெட்யூல் பூரா நாறப்போகுது. அதுக்கு ஏம்மா சிரிச்சிட்டே சொல்ற?”