ஆடாத டிரெய்லர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? வடக்கு டகோட்டா காற்றில் நான் நலமே.

போன முறை வந்தபோது என் டிரெய்லர் வீடு ஆடி உங்களுக்குத் தலை சுற்றி, மறுநாளே கிளம்பிவிட்டீர்கள். அதற்காக ஞாயிறு முழுக்க அடியில் படுத்து நான்கு மூலைக்கும் ஜாக்கி பொருத்தினேன். எரிச்சல் பிடித்த வேலை! துருப்பிடித்த சட்டத்தில் இரண்டு டிரில் பிட் உடைந்தன. பிறகு அதில் ஒரு ஜாக்கியாலேயே டிரெய்லரைத் தூக்கப் பார்த்தேன்; ஜாக்கி வளைந்துவிட்டது.

பக்கத்து டிரெய்லர் ஆர்லோ சிரித்தான். "யோவ் வெல்டர், அது தூக்குறதுக்கு இல்லய்யா, ஆடாம தாங்குறதுக்கு! பெட்டியிலேயே போட்டிருக்கே, படிக்கத் தெரியாதா?"

ஜாக்கி வளைந்தபோது கையில் சின்னச் சிராய்ப்புதான். வேறு ஜாக்கி வாங்கி மாட்டிவிட்டேன். இப்போது உள்ளே குதித்தாலும் காபி சிந்துவதில்லை.

அப்பாவின் பெரிய ஸ்பானர் வேண்டும். தபாலில் வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். ஒரு வாரமாவது இருங்கள், அம்மா.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள்
வார்டெல்