கோரைக்குப் பின்னால் ஓர் ஊர்

லுசாக்கா,
4 ஜூன் 1992

கசூபாவின் அம்மாவுக்கு,

நலம். அனுப்பிய கருவாடு வந்தது. பங்வெயுலு ஏரியின் புதிய வரைபடம் வண்ணம் தீட்ட என் மேசைக்கு வந்திருக்கிறது. நம் லுவேபா தீவு இருக்கும் இடத்தில் ‘கோரைச் சதுப்பு, ஆள் இல்லை’ என்று குறித்திருக்கிறார்கள். ஜனவரியில் நேரில் போய்ப் பார்த்தார்களாம். ஆளில்லாத இடத்துக்கு யார் பள்ளிக்கூடம் தருவார்கள்? மகளுக்கு ஏழு வயது. பிடிவாதத்தை விட்டுவிட்டு அவளோடு இங்கே வந்துவிடு.

கபாசோ

லுவேபா,
21 ஜூன்

கசூபாவின் அப்பாவுக்கு,

ஆள் இல்லையா! மிதக்கிற கோரையிலா மாமரம் காய்க்கிறது? மண் இல்லாமலா ஆளுயரப் புற்று எழும்பி நிற்கிறது? நீங்கள் அந்த ஏரிக்கு நீலம் பூசுகிறீர்கள். அதில் கால் நனைத்து நாலு வருஷமாகிறது.

ஆனால் தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது. அந்த ஜனவரியில், மீன்பிடித் தடைக்காலத்தில், காக்கிச் சட்டைக்காரர்கள் மோட்டார் படகில் வந்தார்கள். வலை பறிக்க வருகிறார்கள் என்று நினைத்து, “அடுப்ப அணைங்க, படக உள்ள இழுங்க, புள்ளைங்க வாயப் பொத்துங்க!” என்று எல்லோரையும் விரட்டியவளே நான்தான். புகையும் சத்தமும் இல்லாவிட்டால் கோரைக்குப் பின்னால் ஊர் இருப்பது வெளியே தெரியாது. அவர்கள் போனதும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இப்போது என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள். லுசாக்காவுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

கட்டேபே

லுசாக்கா,
6 ஜூலை

கசூபாவின் அம்மாவுக்கு,

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுபடி அளக்க ஆள் அனுப்புவார்களாம். ஆனால் தடைக்காலத்தில் வலை வீசியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். வலைகள் பறிபோகும். வழக்கும் வரலாம். நன்றாக யோசி.

கபாசோ

லுவேபா,
30 செப்டம்பர்

கசூபாவின் அப்பாவுக்கு,

ஜெயித்துவிட்டோம்! முதல் கையெழுத்து என்னுடையது. “நீ மட்டும் மாட்டிக்குவ, நாங்க வேடிக்க பாக்கணுமா?” என்று ஊரே வரிசையாகக் கைநாட்டு வைத்தது. ஒன்பது வலைகளைக் கொண்டுபோனார்கள். போகட்டும்.

அளக்க வந்தவரை மேளம் கொட்டி அழைத்துவந்தோம். “போன தடவ எங்கம்மா இருந்தீங்க?” என்றார். “பத்தடி தள்ளி, ஒங்களப் பாத்துக்கிட்டுதான்யா இருந்தோம்!” என்றேன். மனிதர் சிரித்துக்கொண்டே நூற்றெண்பத்து நாலு தலை எண்ணினார். பக்கத்துத் தீவுக்காரர்களும் ஆசையில் வரிசையில் நின்றார்கள், துரத்திவிட்டோம்.

பள்ளிக்கூடத்துக்கு உத்தரவு வந்துவிட்டது. சதுப்புக்கு வரத்தான் எந்த வாத்தியாரும் சம்மதிக்கவில்லையாம். நீங்கள் வாத்தியார் பயிற்சி முடித்தவர். நானாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

கட்டேபே

லுசாக்கா,
19 அக்டோபர்

கட்டேபே,

லுவேபாவை இன்று நானே வரைந்து முடித்தேன். பெயரையும் என் கையாலேயே எழுதினேன். பிறகு எழுந்துபோய் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை, சம்ஃபியா படகுத்துறையில் நிற்பேன். நீயே படகோட்டி வா. வேறு யாரையும் அனுப்பாதே.

உன்
கபாசோ