இருதயமேரி பாடிய மூன்றாம் சரணம்

திண்டிவனம்,
ஈஸ்டர் பாஸ்கு முடிந்த வாரம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் அமலாவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் தயவில் நான் சுகம், முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போக மறுக்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்த டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் மீட்டிங் இருக்கும்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். இது நடுவில் வெட்டக்கூடாத சேதி. தேநீர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

உன் இருதயமேரி அத்தை விஷயம் உனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், முறையாகவே எழுதுகிறேன். பொங்கல் கழித்து ஒரு காலையில் பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன், வாய் கோணி, வலது கை தொங்கிக் கிடந்தாள். ஆம்புலன்சில் விழுப்புரம் கொண்டு போனோம். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், ஒரு சொல் வரவில்லை. உயிர் தப்பியது, காலும் கொஞ்சம் திரும்பியது, பேச்சு மட்டும் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஒரே ஒரு சத்தம், தா தா தா என்று. சந்தையில் மல்லாட்டைக் கடலை விற்கிறவனிடம் அரைப் படி கூடக் கேட்டு வாங்கிவிடுகிற வாய் அது. தா தா என்று வந்ததும் தானே வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

தேவா அவளுக்கு ஒரே பிள்ளை, கெட்டவன் இல்லை, அவனை நீ தப்பாக நினைக்காதே. விழுப்புரத்தில் இரண்டாம் மாடி வீடு, லிப்ட் கிடையாது, அவனுக்கு வங்கி வேலை, அவன் மனைவி கலைமதியும் வேலைக்குப் போகிறவள். புதுச்சேரிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பேசிவிட்டு வந்து என் எதிரில் தலை குனிந்து நின்றான். வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத ஆள எப்படி அத்தை தனியா உடறது, உழுந்தா யார கூப்புடுவாங்க, நான் டெய்லி பஸ் ஏறி வந்துக்கினு இருக்க முடியுமா என்றான். நான் பக்கத்துச் சுவர்தானே என்றேன். உங்களுக்கே முட்டி வலி, அம்மா ஒரே ஒரு வார்த்த கூப்புடட்டும், நான் இல்லத்த உட்டுடறேன், இல்லன்னா பாஸ்கு அன்னிக்குக் கூட்டிக்கினு போயிடறேன் என்று சொல்லிவிட்டான். இருதயமேரி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் வழிகிறது, வாயில் தா தா. அவள் கல்யாணமாகி வந்து, விதவையாகி, பிள்ளை வளர்த்த வீடு அது.

நான் சும்மா இருக்கிறவளா? கான்வென்ட்டில் எங்கள் மதர் சுருதி தப்பினால் விரலில் பிரம்பால் தட்டி வளர்த்த பெண் நான், பங்குக் கோவிலில் பாடகர் குழுவைக் கட்டி மேய்த்தவள், ஒரு நாத்தனார் நாக்குக்கா பயப்படுவேன்? ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சூர்யகலா என்ற பெண் சொன்னபடி தினமும் எதிரில் உட்கார்ந்து அம்மா, தண்ணீர், சோறு என்று சொல்ல வைத்தேன். சாம்பல் புதன் வந்தது, தவக்காலம் ஓடியது, தா தா மாறவில்லை. ஒருநாள் எனக்கே அலுத்துப்போய், சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பாட ஆரம்பித்தேன். நம் பங்குப் பாட்டுதான். மழை பொய்த்த வருஷத்தில் நம் கோவில் உபதேசியார் கட்டியது, நீ சிறு பிள்ளையாக முன் வரிசையில் நின்று பாடியிருக்கிறாய்:

புழுதியில் விழுந்த விதை நான்,
மழை உமது அல்லவா,
வேர்பிடிக்கும் நாளை அறிந்தவர்
நீர் ஒருவர் அல்லவா.

இந்தப் பாட்டுக்கு நாலு சரணம். பூசையில் எப்போதும் முதல், இரண்டு, நாலு மட்டும் பாடுவோம், மூன்றாவதை நான் நிறுத்திவிட்டேன். காரணம் இருந்தது, இன்றைக்கும் அந்தக் காரணம் சரிதான். காணிக்கைப் பாட்டு என்றால் சாமியார் பீடத்தில் கை கழுவி முடிக்கும்போது முடிந்துவிட வேண்டும், அவரை நிற்க வைத்துப் பாடுவது மரியாதை இல்லை, அவருக்குக் கூட்டேரிப்பட்டில் அடுத்த பூசை வேறு. இதற்காக இருதயமேரி என்னோடு போட்ட சண்டை உனக்குத் தெரியும். நடுவுல தாண்டிக்கினு போனா அது பாட்டா அண்ணி, காய்ஞ்சத சொல்லாம மழைய மட்டும் சொன்னா எவன் நம்புவான் என்பாள். நீ பாடகியா, வக்கீலா என்று நான் கேட்பேன். ஒவ்வொரு திருவிழாவுக்கும் இதே வழக்கு.

அன்றும் கை கீரையில், வாய் பழக்கத்தில், இரண்டாம் சரணம் முடித்து நேராக நாலாவதற்குப் போனேன். டம் என்று ஒரு சத்தம். இருதயமேரி இடது கையால் கட்டிலை அடிக்கிறாள். நான் நிறுத்தினேன். முகம் சிவந்து, என்னை முறைத்துக்கொண்டு, அமலா, அவள் பாடினாள். தா தா இல்லை. சொல் சொல்லாக, ஒரு சொல் குழறாமல், இடது கையால் தாளம் போட்டுக்கொண்டு மூன்றாம் சரணத்தை முழுக்கப் பாடினாள்:

மேகம் வந்து கலைந்து போனது,
மௌனம் ஏன் என் ஆண்டவா,
வெடித்த நிலம்போல் வாய் திறந்து
கேட்கிறேன் நான் ஆண்டவா.

பாடி முடித்து, தன் சத்தத்தைத் தானே கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டாள். கீரை தரையில் கிடந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோமா அழுதோமா என்று கேட்காதே. உடனே சூர்யகலாவுக்குப் போன் போட்டேன். அந்தப் பெண் கத்தாத குறையாக, சூப்பர் பாட்டிம்மா, மூளையில பேச்சு ஒரு பக்கம், பாட்டு நெறய இன்னொரு பக்கம், அந்த வழியா சில பேருக்குப் பேச்சு வரும், எல்லாருக்கும் வராது, நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா உட்டுடாதீங்க என்றாள். என்ன வேண்டுமோ அதை அந்த மெட்டில் போட்டுப் பாட வைக்கச் சொன்னாள், இடது கைத் தாளத்தை நிறுத்தவே கூடாது என்றாள். அவள் போனில் பாடிக் காட்டியது சுருதி சேரவில்லை, அதை நான் திருத்திக்கொண்டேன். அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் ஒரே கச்சேரி. தண்ணீர் வேண்டும் அல்லவா என்று பல்லவி, முதுகு வலிக்குது ஆண்டவா என்று சரணம். ரசத்தில் உப்பில்லை என்பதைக்கூட உருக்கமாகப் பாடினாள். எதிர்வீட்டுப் பாண்டுரங்கன் வாசலில் நின்று, இன்னாங்க அம்மா, பண்டிக வரங்காட்டியும் ஆரம்பிச்சிட்டீங்களா என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவளே நேரில் சொல்லட்டும் என்று தேவாவிடம் மூச்சு விடவில்லை. பாஸ்கு அன்று காலை அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கோவிலுக்குக் கூட்டிப்போய்ப் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். கீபோர்டு பையன்களிடம் இன்றைக்கு நாலு சரணமும் என்றேன். பாட்டி, சாமியார் வெய்ட் பண்ணுவாரே, நீங்கதான திட்டுவீங்க என்றார்கள். பண்ணட்டும் என்றேன். மூன்றாம் சரணம் வந்ததும் நான் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினேன். அவள் ஒருத்தி குரல். கொஞ்சம் கரகரப்பு, ஒரு இடத்தில் மூச்சு முட்டியது, ஆனால் ஒரு எழுத்து தவறவில்லை. பேச்சு போனவள் என்று ஊரெல்லாம் தெரியும், பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். கை கழுவி முடித்த சாமியார் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார், அவசரப்படவில்லை. அப்புறம் நாலாம் சரணத்தை ஊரே சேர்ந்து பாடியது. அந்தச் சரணத்தை ஆயிரம் தடவை பாடியிருக்கிறேன், அது அத்தனை உயரம் போகும் என்று அன்றுதான் தெரிந்தது.

மத்தியானம் தேவா காரோடு வந்தான். கோவிலுக்கு அவன் வரவில்லை, ஒன்றும் தெரியாது. அம்மாவின் புடவைகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. இருதயமேரி நாற்காலிக் கையில் தாளம் போட்டாள். பெட்டிய மூடி வையிடா தேவா, நான் எங்கியும் வரல ஆண்டவா, பக்கத்துல அண்ணி இருக்கா, நீ ஞாயித்துக்கிழமை வந்தா போதும் ஆண்டவா என்று முழு மெட்டில் பாடினாள். பழக்கதோஷம், கடைசியில் ஆண்டவாவை விட முடியவில்லை. தேவா புடவையைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறான், விக்குகிறான், இன்னொரு தபா பாடும்மா என்கிறான். ஆனாலும் வங்கிக்காரன் புத்தி, உழுந்தா எப்படி கூப்புடுவ, அத காட்டு என்றான். அவள் மூச்சை இழுத்து அண்ணீ என்று ஓர் ஏற்றம் ஏற்றினாள் பார், நான் அதே அறையில் இருக்கும்போதே பாண்டுரங்கன் கை கழுவாமல் சோற்றுக் கையோடு ஓடி வந்து இன்னா ஆச்சு இன்னா ஆச்சு என்கிறார். தேவா அங்கேயே இல்லத்துக்குப் போன் போட்டு, அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டான். பாண்டுரங்கன் கையில் சோறு காய்வதற்குள் அவரையும் உட்கார வைத்துப் பாஸ்கு பிரியாணி போட்டேன்.

இப்போது உனக்கு ஒன்று. அப்பா போன பிறகு அங்கே கோவிலுக்குப் போனால் எல்லாப் பாட்டும் ஜெயம் ஜெயம்னு கத்துது, எனக்கு ஒட்டலம்மா என்று சொன்னாய். அன்று நான் உன்னைக் கண்டித்தேன். கண்டித்தது கண்டித்ததுதான், கோவிலுக்குப் போகாமல் இருப்பதற்கு அது சாக்கு ஆகாது. ஆனால் ஒட்டவில்லை என்று நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஏன் மௌனமாக இருக்கிறீர் என்று ஆண்டவரையே நேராகக் கேட்கிற சரணம் ஒவ்வொரு நல்ல பாட்டிலும் உண்டு, நம் உபதேசியார் காய்ந்த கொல்லையில் நின்றுதான் அதை எழுதினார். நம்பாதவன் அப்படிக் கேட்கமாட்டான், கேட்க ஆள் இல்லை என்று போய்விடுவான். உனக்கு ஜெயம் வாயில் வராவிட்டால் கேள்வியைப் பாடு, அதுவும் ஜெபம்தான். சுருதியோடு பாடு.

இன்று காலை இதை எழுத உட்கார்ந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், அண்ணி, காபி என்று. மெட்டு இல்லை, தாளம் இல்லை. வெறும் பேச்சு, நீயும் நானும் பேசுகிற மாதிரி. நான் பேனாவை வைத்துவிட்டு ஓடினேன், முழங்கால் வலித்ததா என்று ஞாபகமில்லை. என்ன கேட்டாய், திரும்பச் சொல் என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, காது கேக்கலியா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவளோடு பேசு, நான் போனைப் பிடித்துக்கொள்கிறேன். நடுவில் சொல் கிடைக்காமல் நின்றுபோவாள். நீ அவசரப்பட்டு எடுத்துக் கொடுக்காதே, மீட்டிங் என்று வைக்காதே. சத்தமில்லாமல் காத்திரு, அது வரும். மாப்பிள்ளைக்கு என் அன்பு, குழந்தையின் நெற்றியில் எனக்காகச் சிலுவை போடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாராக.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா,
ஜெசிந்தா.